தை மாதமே விறகைப் பிளந்து வையுங்கள்

எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கிறது. ஆனாலும் கொல்லையில் விறகடுப்பு ஒருநாளும் ஓய்ந்ததில்லை. குளிக்க வெந்நீர், நெல் அவிப்பது, பொங்கலுக்கு முன் மாவு வறுப்பது, நாலு சொந்தக்காரர்கள் சேர்ந்தால் பெரிய அண்டாவில் சோறு, எல்லாம் அதில்தான். அதற்கு விறகு எப்படி வருகிறது என்று 2018 வரைக்கும் நான் யோசித்ததே இல்லை. ஆள் வருவார், உடைப்பார், சாயங்காலம் கூலி வாங்கிக்கொண்டு போவார்.

அந்த வருஷம் நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. பேராவூரணிப் பக்கம் எங்கள் ஊர். விடிந்து கதவைத் திறந்தால் தோப்பில் பாதித் தென்னை தரையில் கிடக்கிறது, வீட்டைச் சுற்றி நின்ற இரண்டு மாமரம், ஒரு வேம்பு, தாத்தா காலத்துப் புளி, எல்லாம் வேரோடு சாய்ந்து கிடக்கின்றன. கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. ஊரில் எல்லா வீட்டிலும் மரம் விழுந்திருக்கும்போது யாருக்கு யார் வந்து விறகு உடைப்பது? மிஷின் வைத்து அறுக்கிறவர் ஒருவர் எப்படியோ வந்து, மரத்தை எல்லாம் ஒன்றரை அடித் துண்டுகளாக அறுத்துப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடிவிட்டார். வீட்டுக்காரர் சிங்கப்பூரில். கொல்லையில் மலை மாதிரி உருண்டைக் கட்டை, பரணில் தாத்தாவின் கோடாலி, அப்புறம் நான்.

முதல் நாள் காலையிலிருந்து அடித்து எட்டுக் கட்டைதான் பிளந்தேன். உள்ளங்கை இரண்டும் கொப்புளம். பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், சாயங்காலம் எழுந்து வந்து சொன்னார்: "ஏ ஆயி, நீ கட்டையோட சண்டை போடுறே. அது எங்கே வாயைத் திறந்து வச்சிருக்குன்னு முதல்ல பாரு."

அறுத்த முகத்தில் விரலை வைத்துக் காட்டினார். நடு வைரத்திலிருந்து பட்டையை நோக்கி மயிரிழை மாதிரி வெடிப்புகள் ஓடியிருந்தன. நாள் முழுக்க அந்தக் கட்டைகளை அடித்திருக்கிறேன், ஒரு தடவைகூட அவை என் கண்ணில் படவில்லை. கோடாலியை அந்த வெடிப்பின் மேலேயே வைத்து, பெரிதாக ஓங்கவும் இல்லை, எழுபத்தி இரண்டு வயது மனுஷர் ஒரு போடு போட்டார். 'டப்'பென்று இரண்டாக விழுந்தது. மாங்கட்டையின் உள்பக்கம் ஈரமாக, வெளிர் மஞ்சளாக, பிசின் வாசனையோடு இருந்தது.

அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் வீட்டு விறகை நான்தான் பிளக்கிறேன். இதைப் பற்றித் தமிழில் யாரும் விலாவாரியாக எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் எனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதுகிறேன். உங்களில் ஒருத்தருக்குக் கால் தப்பித்தாலும் எனக்குச் சந்தோஷம்.

மரத்துக்குள் நார் எல்லாம் கீழிருந்து மேலாக ஓடுகிறது. அதைக் குறுக்கே வெட்டுவது ஒரு வேலை, நெடுக்கே பிரிப்பது இன்னொரு வேலை. நாம் செய்வது இரண்டாவது. நாருக்கும் நாருக்கும் நடுவே ஒரு ஆப்பை நுழைத்து விலக்குகிறோம், அவ்வளவுதான். அதனால் மரம் வெட்டுகிற மெல்லிய வாய்க் கோடாலி இதற்கு ஆகாது, கட்டைக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். கன்னம் தடித்து ஆப்பு மாதிரி இருக்கிற கோடாலிதான் வேண்டும். வாய் சவரக்கத்தி மாதிரி கூராக இருக்க வேண்டியதில்லை, ஆனால் மழுங்கி உருண்டும் இருக்கக்கூடாது, மழுங்கியது கட்டையில் பட்டுத் துள்ளும், துள்ளினால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. நான் அரத்தால் ராவிக்கொள்கிறேன். சாணைக் கல்லில் கொடுத்தால் சூடேறி வாய் நீலம் பாயாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் இரும்பின் உறுதி போய்விடும்.

எடையைப் பற்றி ஒரு விஷயம். ஆரம்பத்தில் பக்கத்து வீட்டிலிருந்து மூன்றரைக் கிலோ கோடாலி ஒன்றை வாங்கி வந்தேன், கனமாக இருந்தால் நன்றாகப் பிளக்கும் என்று நினைத்து. பத்தாவது ஓங்கலிலேயே தோள் விட்டுப்போனது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: எடை இரண்டு மடங்கானால் அடியின் ஆற்றல் இரண்டு மடங்கு, வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்கு. எனக்கு வேகமாகச் சுழற்ற முடிகிற எடை இரண்டு கிலோ. அதோடு நிறுத்திக்கொண்டேன். நல்ல உடம்புக்காரர்கள் மூன்று கிலோ எடுக்கலாம். பெண்கள் யாராவது "நம்மால் ஆகுமா" என்று யோசித்தால், ஆகும், தாராளமாக ஆகும், உங்கள் கைக்கு ஏற்ற கோடாலியை எடுங்கள்.

கட்டையைத் தரையில் வைத்து உடைக்காதீர்கள். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். கோடாலி கல்லில் பட்டு வாய் போகும் என்பது சின்ன நஷ்டம். குறி தப்பினால் கோடாலி தரைவரைக்கும் வருகிறது, அது வருகிற வழியில் உங்கள் முழங்காலும் பாதமும் இருக்கின்றன. அடியில் ஒரு அடிக்கட்டை வேண்டும், முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நிற்கிற உயரம். எங்களுக்கு அது விழுந்த புளியிலிருந்து கிடைத்தது. கறிக்கடையில் எதற்குப் புளியங்கட்டை வைத்திருக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? அதன் நார் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும், எத்தனை வருஷம் கொத்தினாலும் பிளக்காது. அதே காரணத்துக்காகத்தான் புளியை விறகாகப் பிளப்பது பெரும்பாடு, அதே காரணத்துக்காகத்தான் அது அருமையான அடிக்கட்டை. பிளக்க வேண்டிய துண்டை அடிக்கட்டையின் நடுவிலோ நம் பக்கமோ வைக்காமல், நமக்கு அந்தப் புறமாகத் தள்ளி வையுங்கள். கோடாலி குறி தவறினாலும் அடிக்கட்டையில் போய் இறங்கிவிடும், உங்கள் காலைத் தேடி வராது.

அதன்மேல் ஒரு பழைய டயரை வைத்து, கட்டையை டயருக்குள் நிறுத்திப் பாருங்கள். இது பெரியப்பா சொன்னதல்ல, வேறொரு இடத்தில் பார்த்து வந்து நான் செய்தது. கார் டயர் ஒன்று பஞ்சர் கடையில் சும்மாவே கொடுத்தார்கள். பிளந்த துண்டுகள் நாலாபக்கமும் தெறிக்காமல் டயருக்குள்ளேயே நிற்கின்றன, ஒவ்வொரு அடிக்கும் குனிந்து பொறுக்கி மறுபடி நிறுத்துகிற வேலை இல்லை. விறகு உடைப்பதில் முதுகு போவது ஓங்குவதால் அல்ல, குனிவதால்தான். ஒரு டயர் என் வேலையைப் பாதியாகக் குறைத்தது என்று சொன்னால் மிகையில்லை.

அடிக்கிற முறைக்கு வருகிறேன். கையை நீட்டி, கோடாலி வாயை அடிக்க வேண்டிய இடத்தில் வைத்துப் பாருங்கள், முழங்கை மடங்காமல் எங்கே நிற்க முடிகிறதோ அதுதான் நிற்கிற இடம். கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, இரண்டும் ஒரே வரிசையில், ஒரு காலை முன்னே வைக்க வேண்டாம். இடது கை காம்பின் நுனியில், வலது கை கோடாலித் தலைக்குப் பக்கத்தில். தூக்கும்போது வலது கைதான் கனத்தைத் தாங்குகிறது, இறங்கும்போது அது காம்பிலேயே வழுக்கிக்கொண்டு வந்து இடது கையோடு சேர வேண்டும். இந்த வழுக்கல் பழகிவிட்டால் பாதி வித்தை வந்துவிட்டது. அப்புறம், கோடாலி கட்டையைத் தொடுகிற நேரத்தில் முழங்காலை மடக்கி இடுப்பை இறக்குங்கள். நேராக விறைத்து நின்று அடித்தால் கோடாலி வளைந்து நம் காலைப் பார்த்து வரும், இடுப்பு இறங்கினால் அது நேர் கீழே போகும். இதை ஒரு மாதம் வேண்டுமென்றே செய்யுங்கள், அதற்குப் பிறகு உடம்பே செய்துகொள்ளும்.

நடுவில் அடிக்காதீர்கள், நமக்குக் கிட்டே இருக்கிற விளிம்பில் அடியுங்கள். எட்டத்தில் அடித்தால் கோடாலித் தலை தாண்டிப் போய்க் காம்பு கட்டையில் மோதும், இரண்டு தடவை மோதினால் கழுத்தில் விரிசல். நான் அந்தக் கழுத்தில் பழைய சைக்கிள் ட்யூபைக் கிழித்து இறுக்கமாகச் சுற்றி வைத்திருக்கிறேன். கண் மட்டும் அந்த வெடிப்பை விட்டு அசையக்கூடாது. கோடாலியைப் பார்த்தால் குறி போச்சு.

பெரிய உருண்டை, ஒன்றரை அடி குறுக்களவு உள்ளதை எல்லாம் நட்டநடுவில் இரண்டாக்க முயற்சி செய்யாதீர்கள். ஓரத்திலிருந்து பலாச்சுளை எடுக்கிற மாதிரி, சுற்றிச் சுற்றி நாலு விரல் கனத்துக்கு உரித்துக்கொண்டே வாருங்கள், கடைசியில் நடு வைரம் தானாகத் தனியாக நிற்கும். நான் முதல் நாள் உட்கார்ந்து அழுத கட்டை ஒன்று இப்படித்தான் அரைமணி நேரத்தில் முடிந்தது. கணு இருந்தால் அந்தப் பக்கம் கீழே இருக்கட்டும். கவட்டைக் கட்டையை, அதாவது கிளை பிரிகிற இடத்தை, தனியாக ஒதுக்கிப் போட்டுவிடுங்கள், பெரிய அண்டா வைக்கிற நாளில் அப்படியே அடுப்பில் தள்ளிக்கொள்ளலாம்.

மரத்துக்கு மரம் குணம் வேறு. சவுக்கு மாதிரி நல்ல பிள்ளை எதுவும் கிடையாது, நேராக நார், ஒரே அடி, பச்சையாகவே எரியும். 19ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் சவுக்குத் தோப்புகள் போட்டதற்கு ரயில் இன்ஜின் விறகு ஒரு பெரிய காரணம், அது சும்மா இல்லை. மா பரவாயில்லை, பச்சையில் சுலபம். தைலமரத்தையும் பச்சையிலேயே முடித்துவிட வேண்டும், காய்ந்தால் முறுக்கிக்கொண்டு இரும்பாகிவிடும். வேம்பு கொஞ்சம் பின்னல், ஆனால் பொறுமையாக ஓரத்தில் உரித்தால் வரும். முருங்கை விறகே இல்லை. தென்னந்தண்டோடு மல்லுக்கட்ட வேண்டாம், மட்டையும் பாளையும் பன்னாடையும் அடுப்புப் பற்றவைக்கப் போதும்.

சீமைக் கருவேலம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், எங்கள் பக்கம் அதைக் கருவை என்போம். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்ன பிறகு எல்லா ஊரிலும் வெட்டிக் குவித்தார்கள், இன்றைக்கும் குறைவில்லாமல் வளர்ந்து நிற்கிறது, எரிந்தால் நின்று எரிகிற விறகு அது. ஆனால் காயவிட்டுப் பிளக்க நினைத்தால் கோடாலி திரும்பி வரும், வெட்டிய வாரத்திலேயே பிளந்துவிடுங்கள். முள் இன்னொரு ஆபத்து. ரப்பர் செருப்பை ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு மேலே வரும், குத்தின இடம் நாலு நாள் வீங்கி நெறி கட்டும். முதலில் அரிவாளால் முள் கிளையை எல்லாம் கழித்து ஒரு மூலையில் தள்ளிவிட்டுத்தான் கட்டையைத் தொட வேண்டும்.

கோடாலி சிக்கிக்கொண்டால் பக்கவாட்டில் ஆட்டாதீர்கள், காம்பு முறியும். காம்பின் நுனியை மேலும் கீழுமாகத் தட்டினால் விட்டுவிடும். விடாத கட்டைக்கு இரும்பு ஆப்பும் சம்மட்டியும் வேண்டும். ஆப்பை அடிக்கக் கோடாலியின் பின்மண்டையைப் பயன்படுத்துகிறவர்கள் நிறைய, தயவுசெய்து வேண்டாம். கோடாலி மண்டை இரும்பும் ஆப்பு இரும்பும் மோதினால் சில்லு தெறிக்கும், காம்பு நுழைகிற ஓட்டையும் விரிந்துபோகும். ஆப்பின் தலை அடிபட்டு அடிபட்டுக் காளான் குடை மாதிரி விரிந்திருந்தால் அந்த ஓரத்தைத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் மறுபடி தொட வேண்டும், அந்த ஓரம்தான் உடைந்து கண்ணுக்கு வருவது. ஆப்பு இறங்கிப் பாதி திறந்த கட்டைக்குள் விரலை விடவே கூடாது. ஆப்பசைத்த குரங்கு கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம், ஆனால் உள்ளே விழுந்த சிறு ஆப்பை எடுக்கிறேன் என்று கையை விட்ட ஒருவரை எனக்குத் தெரியும், அவருக்கு இரண்டு விரல் இன்றைக்கும் முழுதாக மடங்காது.

இப்போது என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்கிறேன். இந்தப் பதிவை எழுதக் காரணமே அதுதான்.

2019 சித்திரை. கோடாலித் தலை லேசாக ஆடியது. எல்லாரும் செய்கிற மாதிரி ராத்திரி முழுக்கத் தண்ணீர் வாளிக்குள் தலைகீழாகப் போட்டு வைத்தேன், காலையில் கிண்ணென்று இறுகியிருந்தது. பத்து மணிவரை நன்றாக வேலை செய்தேன். தங்கச்சி மகனுக்கு அப்போது ஆறு வயது, கட்டைக்குள் இருந்து விழுகிற வெள்ளைப் புழுவைக் கோழிக்கு எடுத்துப் போடுவதில் அவனுக்கு அலாதி சந்தோஷம், பக்கத்திலேயே நின்றான். நானும் போகச் சொல்லவில்லை. ஓங்கினேன், கை திடீரென்று லேசானது. தலை கழன்று என் பின்பக்கமாகப் பறந்து சிமெண்டுத் தொட்டியில் மோதி ஒரு சில்லைப் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. பையன் அந்தத் தொட்டிக்கு நாலடி தள்ளி நின்றிருந்தான். அவன் பயப்படவில்லை, "பெரியம்மா, தலை பறந்துடுச்சு" என்று ஓடி எடுக்கப் போனான். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெறும் காம்பு கையில் இருக்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, அதற்குப் பிறகு அன்றைக்கு என்னால் எழுந்திருக்கவே முடியவில்லை.

காரணத்தைப் பிறகு கொல்லுப்பட்டறையில் கேட்டுப் புரிந்துகொண்டேன். தண்ணீரில் ஊறினால் மரம் உப்பும், சுற்றி இருக்கிற இரும்பு விரிய விடாது, அதனால் மரத்தின் நார் உள்ளுக்குள்ளேயே நசுங்குகிறது. வெயிலில் காய்ந்ததும் அது முன்பு இருந்ததைவிட மெலிந்துவிடுகிறது. ஊறவைப்பது ஒருவேளைக்குத் தாங்குகிற ஏமாற்று இறுக்கம். சித்திரை வெயிலில் அது இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

அந்தக் காம்பை அடுப்பில் வைத்தேன். ஒரு வருஷம் நிழலில் காய்ந்த நாட்டுக் கருவேலங் காம்பு ஒன்றை வாங்கி, ஆசாரியிடம் கொடுத்து ஓட்டைக்குச் சரியாகச் செதுக்கி, மேலே ஆப்பு வைத்து இறுக்கி வாங்கினேன். இப்போது ஒவ்வொரு நாளும் வேலை ஆரம்பிக்கும் முன் கோடாலியைத் தலை கீழே தொங்குகிற மாதிரி ஒரு கையில் பிடித்து, காம்பின் மேல் நுனியை மரச்சுத்தியால் நாலு தட்டு தட்டுகிறேன், தலை இன்னும் இறுகி ஏறும். அப்புறம் ஆட்டிப் பார்க்கிறேன். ஒரு நூல் அசைந்தாலும் அன்றைக்கு வேலை இல்லை. கொல்லையில் ஒரு கயிற்றைக் கட்டியிருக்கிறேன், கோடாலி கையில் இருக்கும்போது அந்தக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் பிள்ளைகள் யாரும் வரக்கூடாது. முன்னும் பின்னும் ஆள் நிற்கக்கூடாது, தலை கழன்றால் அந்த இரண்டு திசையில்தான் போகும்.

உடுப்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மூடிய ஷூ, கண்ணுக்கு ஒரு கண்ணாடி, தொங்குகிற துப்பட்டா முந்தானை எதுவும் இருக்கக்கூடாது. கை வியர்த்தால் துடைத்துக்கொண்டு அடுத்ததை ஓங்குங்கள். முக்கியமாக, களைப்பு வந்தால் நிறுத்துங்கள். "இன்னும் அஞ்சு கட்டைதானே" என்று ஒரு நினைப்பு வரும் பாருங்கள், எனக்குக் கோடாலி குறி தவறியதெல்லாம் அந்த அஞ்சு கட்டையில்தான். நான் காலையில் ஒன்றரை மணி நேரம், அதோடு சரி.

பிளந்ததை அடுக்குவதும் இந்த வேலையில் பாதி. பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர், அதை வெளியே அனுப்பாமல் அடுப்பில் வைத்தால் நெருப்பு முதலில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கும், நாம் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்போம். அம்மா முப்பது வருஷம் ஈர விறகில் ஊதி ஊதி வாங்கிக்கொண்ட இருமலை நான் கேட்டு வளர்ந்தவள். உருண்டையாகக் கிடந்தால் பட்டை தண்ணீரை விடாது, பிளந்தால்தான் காற்று உள்ளே போகும். எங்களுக்கு மழை ஐப்பசி கார்த்திகையில். தை மாசியில் பிளந்து அடுக்கினால் கோடை முழுக்கக் காய்ந்து, அடைமழைக்கு முன்னால் விறகு தயார். வைகாசியில் ஆரம்பித்தால் பாதிதான் காயும். தட்டினால் 'டங்' என்று ஓசை வர வேண்டும், 'தொப்'பென்றால் இன்னும் ஈரம்.

தரையில் அடுக்கினால் கரையான். செங்கல் வைத்து அதன்மேல் இரண்டு பனங்கையை, அதாவது பனைமரச் சட்டத்தை, போட்டு, அதற்கு மேல் அடுக்குங்கள், சுவரை ஒட்டாமல் ஒரு சாண் விட்டு. மேலே மட்டும் தகரம், பக்கவாட்டில் மூடக்கூடாது. எடுக்கும்போது நேராகக் கையை விடாமல் ஒரு குச்சியால் தட்டி, கட்டையை முன்னுக்கு இழுத்து, அப்புறம் எடுங்கள். தேள், பூரான் எங்கள் அடுக்கில் எத்தனையோ தடவை பார்த்தாச்சு, ஒருமுறை கட்டுவிரியன். விளக்கு வைத்த பிறகு நான் விறகடுக்குப் பக்கமே போவதில்லை, ராத்திரிக்கும் விடிகாலைக்கும் வேண்டியதை வெளிச்சத்திலேயே எடுத்து அடுப்பங்கரையில் போட்டுவிடுவேன்.

இந்த வருஷம் மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் ஆரம்பிக்கிறேன். கிளை கழித்த வேம்பும் கொஞ்சம் சவுக்கும் கிடக்கின்றன, எண்பது தொண்ணூறு துண்டு வரும். பெரியப்பாவுக்கு இப்போது கண் மங்கிவிட்டது, இருந்தாலும் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சத்தத்தை வைத்தே "இது விழுந்துச்சு, இது விழலை" என்று சொல்லுவார். கோடாலியை நேற்றே இறக்கி ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.